டைகர் பாம் தோட்டம்: சில குறிப்புகள்

சிங்கப்பூரின் கிளமெண்டியில் ரயில் ஏறினால் டோவர், அடுத்தது புவன விஸ்தா. அங்கே வட்டப் பாதைக்கு மாறினால் ஒன்-நார்த், கெண்ட் ரிட்ஜ், மூன்றாவதாக ஹா பார் வில்லா. 2011 அக்டோபரில் நிலையத்தைத் திறந்தபோது தோட்டத்தின் இன்னொரு பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். வெளியே வந்தால் பக்கத்திலேயே நுழைவு வளைவு. தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. நடந்து உள்ளே போகலாம்.

எங்கள் புளோக்கில் இருக்கிற தமிழர்களைக் கேட்டால் பாதிப் பேர் "சின்ன வயசுல போனது" என்கிறார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் செந்தோசா, கரையோரப் பூந்தோட்டங்கள், முஸ்தபா என்று நாள் போய்விடுகிறது. கூப்பிடு தூரத்தில் ஒரு குடும்பம் தன் சொந்தக் காசில் கட்டி, ஊருக்கெல்லாம் திறந்துவிட்ட மலைச்சரிவு இருக்கிறது. அதை நம்மவர்கள் மறந்துவிட்டார்களே என்பது என் மனக்குறை.

*

தைலத்திலிருந்து தொடங்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் போகிற பெட்டி எதுவானாலும் அதில் இரண்டு சாமான் இருக்கும்: கோடாலித் தைலம், டைகர் பாம். அத்தைக்கு இரண்டு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒன்று, கேட்காமலே கை நீட்டுகிற சித்தப்பாவுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்குவோம். கோடாலித் தைலம் வேறொரு சீனக் குடும்பத்தின் தயாரிப்பு, 1928ல் தொடங்கியது. அறுகோணக் கண்ணாடிச் சிமிழில் புலி பாய்கிறதே, அது ஆவ் குடும்பத்துடையது.

தகப்பனார் ஆவ் சூ கின், ஹக்கா வகுப்பைச் சேர்ந்த நாட்டு வைத்தியர். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்து யோங்டிங்கிலிருந்து ரங்கூனுக்குப் பிழைக்கப் போய், அங்கே எங் ஆன் தோங் என்ற மருந்துக்கடையைப் போட்டார். பிள்ளைகள் ஆவ் பூன் ஹா 1882லும் ஆவ் பூன் பார் 1888லும் ரங்கூனில் பிறந்தவர்கள். அண்ணன் பெயரில் புலி, தம்பி பெயரில் சிறுத்தை. அன்றைய ரங்கூனில் பாதிக்குப் பாதி இந்தியர்கள். நம் செட்டியார் கடைகளும் கூலி லயங்களும் நிறைந்த ஊர். அந்தத் தெருக்களில் வளர்ந்த சீனப் பிள்ளைகள் இவர்கள். கற்பூரம், மென்தால், கிராம்பு எண்ணெய், கஜுபுட் எண்ணெய் எல்லாம் சேர்ந்த தைலம் அங்கே வேர்விட்டது. 1920களில் தொழில் சிங்கப்பூருக்கு வந்தது. நீல் சாலையில் 1924ல் எழுப்பிய எங் ஆன் தோங் கட்டடம் இன்றும் நிற்கிறது.

விற்கிற வித்தை அண்ணனுக்குக் கைவந்த கலை. காரின் முகப்பில் புலித்தலை வைத்து ஊரைச் சுற்றினார். 1929ல் சின் சியூ ஜிட் போ என்ற சீன நாளிதழையே தொடங்கினார். பின்னாளில் பினாங்கிலும் ஹாங்காங்கிலும் பத்திரிகைகள் நடத்தினார்.

ஆனால் வாங்கியவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், ரிக்‌ஷா இழுத்தவர், பால்மரம் சீவியவர். மருத்துவரிடம் போக வசதியில்லாத உடம்புகள். அந்த உடம்புகளின் வலியிலிருந்து சில்லறை சில்லறையாகச் சேர்ந்த பணம் இது. அந்தப் பணத்தில் எழுந்த தோட்டத்தின் கதவு அதே மனிதர்களுக்குத் திறந்திருந்தது. பணக்காரர்கள் கட்டிய எத்தனையோ மாளிகைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. எனக்கு இந்த இடத்தின் மேல் உள்ள மரியாதை முதலில் இதற்காகத்தான்.

*

1937. பாசிர் பாஞ்சாங்கில் கடலைப் பார்த்த குன்றின் மேல் தம்பிக்காக அண்ணன் கட்டிய வீடு. கட்டடக் கலைஞர் ஹோ குவோங் இயூ. குவிமாடங்களும் வட்ட அறைகளும் கொண்ட, அந்தக் காலத்துக்குப் புதுமையான மாளிகை. சுற்றிலும் சிலைகள். இதற்கு முன்பே, 1935ல், ஹாங்காங்கில் ஒரு டைகர் பாம் தோட்டம் திறந்தாகிவிட்டது. பூர்வீக ஊரான யோங்டிங்கிலும் பிறகு ஒன்று எழுந்தது. ஹாங்காங் தோட்டத்தை 2004ல் இடித்துவிட்டார்கள். மாளிகை மட்டும் தப்பியது. நகரம் நெருக்குகிற இடத்தில் ஒரு குடும்பத் தோட்டம் பிழைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தச் சகோதரத் தோட்டமே சாட்சி. நம் ஊரில் இருப்பது இன்னும் இருக்கிறது.

இப்போது குன்றில் ஏறினால் கடல் எட்டத்தில் போய்விட்டது. மண் கொட்டி நிலமாக்கி, நெடுஞ்சாலை போட்டு, அதற்கப்பால் கொள்கலன் துறைமுகம். பழைய படங்களில் அலை சாலையோரம் வரை வருகிறது.

*

போர்க்காலத்தை நினைக்காமல் இந்தச் சரிவில் நடக்க என்னால் முடியவில்லை.

1942 பிப்ரவரி 13, 14 தேதிகளில் இதே பாசிர் பாஞ்சாங் மேட்டில் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியருக்கு எதிராகக் கடைசிச் சண்டை போட்டது. லெப்டினன்ட் அட்னான் சைடி இறந்த புக்கிட் சண்டு இங்கிருந்து தொலைவில் இல்லை. அடுத்த நாள் சிங்கப்பூர் விழுந்தது. வீட்டை வரைந்த ஹோ குவோங் இயூ அந்த ஆண்டே ஜப்பானியர் நடத்திய களையெடுப்பில் கொல்லப்பட்டார். குன்றின் மேல் இருந்த மாளிகை, கடலில் போகிற கப்பல்களைக் கண்காணிக்க ஜப்பானியருக்கு வசதியான மேடையானது. வீட்டுக்குரிய தம்பி ரங்கூனுக்குப் போய், 1944ல் அங்கேயே இறந்தார்.

போர் முடிந்து பூன் ஹா திரும்பி வந்தபோது வீடு சூறையாடப்பட்டுச் சிதைந்து கிடந்தது. அதை இடிக்கச் செய்தார். பழுது பார்க்க அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அவர் இல்லை. வீடு போயிற்று, தோட்டத்தை விடவில்லை. மேலும் மேலும் சிலைகள் வைத்துக்கொண்டே இருந்தார், 1954ல் ஹோனலூலுவில் இறக்கும் வரை. தம்பிக்கென்று தொடங்கிய இடம், தம்பி போனபிறகு முழுக்க ஊராருடையது ஆகிவிட்டது. பெற்றோருக்கும் சகோதரர்களுக்கும் எழுப்பிய நினைவுத் தூண்கள் உள்ளே இருக்கின்றன. படம் எடுக்க ஓடுகிற கூட்டம் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. நான் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன்.

*

பாசிர் பாஞ்சாங் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"காசு கிடையாது தம்பி. சீனப் பெருநாளுக்கு லீவு விடுவான். பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு, வீட்டுலயே புளிச்சோறு கட்டிக்கிட்டுப் போயிடுவோம். அங்கயே மரத்தடியில உக்காந்து சாப்புடுறது. எங்க சம்பளத்துக்கு வேற எங்க போறது?"

"நரகம் பாத்தீங்களா ஐயா?"

"பாக்காமயா? என் பெரிய மவ மூணு நாள் தனியாப் படுக்கல. ஆனா அதுக்கப்புறம் பொய் சொல்ல மாட்டா." சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார். அந்த மகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள்.

மலாய்க்காரர்களும் வந்தார்களா என்று கேட்டேன். எல்லாரும் வந்தார்கள் என்றார். யாரும் யாரையும் கேட்டதில்லை என்றார்.

*

உள்ளே ஆயிரத்துக்கு மேல் சிலைகள். காட்சிகள் நூற்றைம்பதுக்குக் கிட்டே. கம்பிச் சட்டத்தின் மேல் சிமெண்ட் பூசி, அதன் மேல் கண்ணைப் பறிக்கிற வண்ணம். நம் வீட்டு நவராத்திரிக் கொலுவை ஒரு மலை முழுக்க விரித்து வைத்ததைப் போலத் தோன்றும்: ஒரு பக்கம் தெய்வங்கள், ஒரு பக்கம் கதைகள், நடுவே காரணமே தெரியாத மிருகங்கள். மனிதத் தலையுள்ள நண்டுக்கு முன்னால் குழந்தைகள் எப்போதும் நின்றுவிடுகிறார்கள். வெள்ளைப் பாம்புப் பெண்ணின் கதை, எட்டுச் சித்தர்கள் கடலைக் கடக்கிற காட்சி, தூண்டில் போட்டுக் காத்திருக்கிற கிழவர் ஜியாங் என்று வரிசை நீளும். பூன் ஹா இறந்தபிறகு பொறுப்பேற்ற தம்பி மகன் ஆவ் செங் சாய் உலகம் சுற்றி வந்து ஊர் ஊராக மூலைகளைச் சேர்த்தார். அதனால்தான் சுமோ மல்லர்களும் சுதந்திர தேவியும் இங்கே இருக்கிறார்கள். எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை. அவர் பார்த்த ஊர்களின் நினைவு அவை. பழைய கதைகளின் வலு அவற்றுக்கு இல்லை.

மனம் ஒட்டுவது "மேற்கு நோக்கிய பயணம்" காட்சிகளில். 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவல். துறவி ஒருவர் வேதநூல் தேடி மேற்கே போகிறார். கூடவே குரங்கரசன், பன்றி முகச் சீடன், ஆற்றிலிருந்து வந்த சீடன். வழியெல்லாம் பேய்கள், சிலந்திப் பெண்கள். நம் பிள்ளைகள் குரங்கரசனைப் பார்த்ததும் "அனுமார்!" என்று கத்துவார்கள். கதையில் வருகிற துறவி நிஜத்தில் யுவான் சுவாங். 7ஆம் நூற்றாண்டில் அவர் போன "மேற்கு" இந்தியாதான். காஞ்சிபுரம் வரை வந்தார். பல்லவன் நரசிம்மவர்மன் ஆண்ட காலம். காஞ்சி நாட்டில் நூறு மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதி வைத்தார். பாசிர் பாஞ்சாங்கில் சிமெண்டில் நிற்கிற அந்த மனிதர் நம் ஊர்த் தெருக்களை நடந்து பார்த்தவர். தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த ஒன்றை அவசியம் சொல்லுங்கள். சொன்னபிறகு அவர்கள் அந்தச் சிலையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடுகிறது. என் அக்கா மகனிடம் கண்டேன். "அப்ப அவருக்குத் தமிழ் தெரியுமா மாமா?" என்று கேட்டான்.

*

இங்கே என்னோடு சண்டை போடுகிற காட்சிகளும் உண்டு. பல் போன மாமியாருக்கு மருமகள் தன் முலைப்பால் கொடுக்கிறாள். சீனரின் பழைய பெற்றோர்-பக்திக் கதைகளில் வருவது. பார்த்தவர் மறக்க மாட்டார். முதலில் முகம் சுளித்தேன். தியாகம் என்றால் எப்போதும் மருமகளிடமே கேட்பது என்ன நியாயம் என்ற கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். ஒரு காலம் எதை அறம் என்று நம்பியது என்பதை ஒளிக்காமல் காட்டுகிற இடம் இது. எழுதப் படிக்கத் தெரியாமல், சொந்த ஊரை விட்டுக் கப்பலேறி வந்த சீனத் தொழிலாளிகளுக்குப் பாடநூலாகத்தான் பூன் ஹா இந்தச் சிலைகளை நினைத்தார்.

*

நரகத்தின் பத்து மன்றங்கள். இதற்குத்தான் இந்தத் தோட்டம் பேர் போனது.

ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு நீதிபதி அரசன். ஐந்தாவது மன்றத்து அரசன் நம் எமன்தான். பௌத்தத்தோடு சீனா போய், அங்கே உத்தியோகம் குறைந்து பத்தில் ஒருவராகிவிட்டார். கருட புராணத்துத் தண்டனைகளை "அந்நியன்" படத்தில் பார்த்த தலைமுறைக்கு இவை புதிதல்ல. ஆனால் குற்றப் பட்டியல் வேறு மாதிரி. வரி ஏய்ப்பவருக்கும், வாடகை கொடுக்காதவருக்கும், வியாபாரத்தில் ஏமாற்றுகிறவருக்கும் நான்காவது மன்றத்தில் கல் உலக்கையால் இடி. சோற்றை வீணாக்குகிறவரை ஆறாவது மன்றத்தில் இரண்டாக அறுக்கிறார்கள். தேர்வில் காப்பியடித்தால் எட்டாவது மன்றத்தில் குடலை உருவுகிறார்கள். கடைத்தெருவில் நாணயமாக நடக்க வேண்டிய, வாடகை வீட்டில் குடியிருந்த, பிள்ளைகளின் படிப்பையே நம்பியிருந்த ஒரு குடியேறிச் சமூகத்தின் கவலைகள் அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நமக்கும் அவை அந்நியமான கவலைகள் இல்லை.

பத்தாவது மன்றத்தில் மெங் என்ற கிழவி மறதிப் பானம் கொடுக்கிறாள். குடித்தால் முற்பிறவி முழுக்க மறந்துபோகும். பிறகு சக்கரத்தில் ஏறி மறுபிறப்பு. இத்தனை ரத்தத்தைக் கடந்து வந்து நிற்கிறவருக்கு இந்தக் கிழவி கொடுப்பது பெரிய கருணை என்று எனக்குப் படுகிறது.

2021 முதல் இந்தப் பகுதி ஒரு நரக அருங்காட்சியகத்தின் உள்ளே சேர்ந்துவிட்டது. அதற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். பல்வேறு சமயங்கள் சாவை எப்படிப் பார்க்கின்றன என்று நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். ஆனாலும் பெரியவரின் மகள் பார்த்துப் பயந்தது காசில்லாமல். அந்த வாய்ப்பு இப்போதைய பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

*

குடும்பத் தோட்டத்தை ஊருக்குத் திறப்பது சிங்கப்பூரில் ஆவ் சகோதரர்களோடு தொடங்கியதல்ல. கப்பல்களுக்குச் சரக்கு வழங்கிப் பணக்காரரான ஹூ ஆ கே, ஊரார் வாயில் வாம்போ, 1840ல் சிராங்கூன் சாலையில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். தேக்காவிலிருந்து அதே சாலையில் மேலே போனால் வருகிற இடம். செடிகளை விலங்குகளின் வடிவில் வெட்டி வளர்த்திருந்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு வாசலைத் திறந்துவிடுவார்; ஊரே போகும். 1859ல் பூமலை என்கிற தாவரவியல் பூங்கா அமைய நிலம் கிடைத்ததில் அவர் கை உண்டு: தங்ளினில் தமக்கிருந்த நிலத்தைக் கொடுத்து, ஆற்றோரம் போட் கீயில் மாற்று நிலம் பெற்றுக்கொண்டார். 1880ல் அவர் இறந்தபின் தோட்டம் சியா லியாங் சியாவின் கைக்குப் போய் பெண்டிமீர் என்ற பெயர் பெற்றது. 1960களில் வீட்டையும் இடித்தார்கள். சாலைப் பெயர் இருக்கிறது.

ஹத்ரமௌத்திலிருந்து வந்த அரபுக் குடும்பமான அல்காஃப்களும் மெக்பர்சன் சாலைப் பக்கம் ஏரியோடு ஜப்பானியப் பாணித் தோட்டம் அமைத்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். போர் வந்தது, 1949ல் விற்றார்கள், வீடுகள் எழுந்தன. பிடாடாரிப் பூங்காவில் புதிதாக வெட்டிய ஏரிக்கு அல்காஃப் பெயரை வைத்திருப்பது நல்ல செயல்.

இலங்கையில் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கா. ஜெஃப்ரி பாவா 1948ல் வாங்கி, 2003ல் இறக்கும் வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. எனக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில் எழுதி வைத்துவிட்டுப் போன தோட்டங்கள் பிழைத்திருக்கின்றன.

*

ஆவ் குடும்பம் எழுதி வைக்கவில்லை. 1971ல் ஆவ் செங் சாய் சிலி நாட்டு சாந்தியாகோவில் இறந்தார். அதே ஆண்டு தைல நிறுவனமும் லண்டன்காரர்கள் கைக்குப் போனது. 1985ல் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1990ல் "டிராகன் உலகம்" என்று புதுப்பெயரோடு, படகுச் சவாரியும் அரங்குகளும் கொண்ட பொழுதுபோக்குப் பூங்காவாகத் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். நான்கு பேர் உள்ள வீடு யோசித்துச் செலவழிக்க வேண்டிய தொகை. முதலில் கூட்டம் வந்தது, பிறகு குறைந்தது, நட்டம் ஏறியது. 2001ல் பயணத்துறைக் கழகம் திரும்பப் பெற்றுக்கொண்டது, கட்டணமும் போயிற்று.

சவாரி பிடிக்காமல் மக்கள் போனார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் வேறு விதமாக நினைக்கிறேன். புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தங்கள் இடம். வாசலில் காசு கேட்ட அன்று அது அவர்கள் இடமாக இல்லாமல் போனது. காசை எடுத்தபிறகும் அந்தத் தலைமுறை திரும்பி வரவில்லை.

*

வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் சிமெண்ட் சிலைக்கு ஆயுள் குறைவு. வண்ணம் உரியும், விரல் உடையும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். பதின்வயதில் அப்பாவோடு வேலைக்கு வந்து, முதுமை வரை இந்தச் சிலைகளுக்கு வண்ணம் தீட்டிய கைவினைஞர் ஒருவர் இருந்தார். முகத்தின் எந்தக் கோட்டில் எவ்வளவு சிவப்பு என்பது அவருடைய கைக்குத் தெரியும். அவருக்குப் பின் அந்தக் கைப்பழக்கம் முழுதாக யாரிடம் சேர வேண்டும் என்பதைக் கட்டணம், கூட்டம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் முன்னால் யோசிக்க வேண்டும். நம் கோயில் கோபுரங்களுக்குக் குடமுழுக்குக்கு முன் சுதை வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வருகிற சிற்பிகளை அழைத்துக் காட்டினால், பேச மொழி வேண்டாமலே இரு தரப்பும் வேலையைப் பேசிக்கொள்ளும்.

*

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். பாதை சரிவு, முட்டி வலி உள்ளவர்கள் மெதுவாக ஏறலாம், உட்கார இடம் உண்டு. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆமைக் குளத்தருகே பிள்ளைகளை விட்டுவிட்டால் அரை மணி நேரம் பெரியவர்களுக்கு ஓய்வு. சின்னப் பிள்ளைகளை நரகத்துக்குள் கூட்டிப் போவதற்கு முன் அவர்களையே கேளுங்கள். வீட்டில் எழுபது வயது தாண்டியவர் இருந்தால் எப்படியாவது அவரையும் அழைத்துப் போங்கள். எந்தச் சிலை முன்பு எங்கே இருந்தது, எது காணாமல் போனது என்று அவர் சொல்லச் சொல்ல, கூட இருக்கிற இளையவர் யாராவது கைபேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். அடுத்த சனிக்கிழமை மின்நிலையப் பெரியவரை அழைத்துப் போவதாக இருக்கிறேன். புளிச்சோறு தன் மகள் கட்டித் தருவாள் என்று சொல்லியிருக்கிறார்.